ஸ்லாப்: தமிழில் முத்திரைப்பேழை

பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் புழங்கும் சொல் இது. புத்தகத்தின் நிலையைப் பார்த்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாதபடி ஒட்டி மூடிய கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்கு ஸ்லாப் என்று பெயர். வினையாகவும் வரும். 'அதை ஸ்லாப் பண்ணிவிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், புத்தகத்தை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரமிட்டு வாங்கிவிட்டார் என்று பொருள். பெட்டிக்குள் இன்னும் போகாத புத்தகம் 'ரா', அதாவது ஆங்கிலத்தில் பச்சை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் வேறு எதையோ நினைப்பார்கள். கடையில் ஒரு ஸ்லாப் கேட்டால் சாக்லேட் வரும். வீடு கட்டுகிறவருக்கு அது காங்கிரீட் தளம். ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் தட்டையான, கனத்த துண்டு என்பதுதான். கல், மரம், மாமிசம் எதற்கும் பொருந்தும். காமிக்ஸ்காரர்கள் அதை நாணயம் சேகரிப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கதை 1949-இல் தொடங்குகிறது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்பு சென்ட்களுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். அதில் ஒரு கணக்கு இருந்தது: அடிமட்ட நிலையில் உள்ள காசு ஒரு டாலர் என்றால், 70 பெறும் காசு 70 டாலர். ஆக, நிலையைக் குறிக்கும் எண் பிறந்ததே விலைப்பட்டியலாகத்தான். அந்தக் கணக்குச் சீக்கிரமே பொய்த்துப்போனது. எண் மட்டும் தங்கிவிட்டது. 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என இரண்டு நிறுவனங்கள் காசைத் தரமிட்டுப் பிளாஸ்டிக்கில் அடைக்கத் தொடங்கின. சேகரிப்பாளர்கள் அந்தப் பெட்டிக்குப் பட்டப்பெயராக வைத்ததுதான் ஸ்லாப். 2000-இல் என்ஜிசியின் சகோதர நிறுவனமாக, இன்று ஃபுளோரிடா மாநிலத்தின் சரசோட்டாவில் இருக்கும் சிஜிசி வந்தது. காசுக்குச் செய்ததைக் காமிக்ஸுக்குச் செய்தது.

தென்னாப்பிரிக்காவில் நம்மில் பலருக்கு ஸ்லாப் அறிமுகமானதும் காசு வழியாகத்தான். மண்டேலாவின் 90-ஆம் பிறந்தநாளுக்கு 2008-இல் வந்த 5 ராண்ட் நாணயம் நினைவிருக்கும். லட்சக்கணக்கில் அச்சடித்துப் பெட்ரோல் பங்கில் சில்லறையாகக் கிடைத்த காசு அது. அதைப் பெட்டியில் அடைத்து, மேலே உயர்ந்த எண் ஒன்றைப் போட்டதும், ஓய்வூதியக்காரர்கள்கூட 'முதலீடு' என்று வாங்கினார்கள். எண்ணில் பொய் இல்லை. காசு உண்மையிலேயே அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தச் சுத்தத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க நாளை ஆள் இருப்பானா என்பதைப் பெட்டி சொல்லாது. விலை இறங்கியபோது கையில் மிஞ்சியது 5 ராண்டும் ஒரு பிளாஸ்டிக் துண்டும்.

காமிக்ஸ் அளவுகோல் 0.5-இல் தொடங்கி 10.0-இல் முடிகிறது. மொத்தம் 25 படிகள். கீழே பெரும்பாலும் அரை அரையாக ஏறும். 9-க்கு மேல் போனால் படிகள் நெருங்கிவிடும்: 9.0, 9.2, 9.4, 9.6, 9.8, 9.9, 10.0. இதில் 9.5 கிடையாது, 9.7 கிடையாது. யாராவது 9.5 என்று விளம்பரம் போட்டிருந்தால் அது அவரே போட்ட எண், சிஜிசி போட்டதல்ல. 1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வெளியிட்ட காலத்திலிருந்து மேலிருந்து கீழாக மின்ட், ஃபைன், குட், புவர் என்று பெரும்பாலும் வார்த்தைகளால்தான் நிலையைச் சொல்லிவந்தார்கள். விற்கிறவருக்கு 'ஃபைன்', வாங்குகிறவருக்கு அதே புத்தகம் 'குட்'. இந்தச் சண்டைக்கு மூன்றாவது ஆளாக வந்ததுதான் ஸ்லாப். தரமிடும் நிறுவனம் புத்தகம் வாங்கி விற்கக் கூடாது என்பது அதற்கு அடிப்படை.

அந்த மூன்றாவது ஆள் எதைப் பார்க்கிறார்? டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ மெரிபேங்கிலோ ஒரு வீட்டு அலமாரி மேல் கிடக்கும் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தால் புரியும். எழுபதுகளின் அமெரிக்கக் காமிக்ஸ் ஒன்றைக் கையில் எடுங்கள். அட்டையின் மூலையில், பழைய புத்தகம் மாற்றிக்கொள்ளும் புக் எக்ஸ்சேஞ்ச் கடையின் ரப்பர் முத்திரை, பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய சென்ட் விலை. சனிக்கிழமை பயாஸ்கோப் வாசலில் பல கை மாறியதற்கு அடையாளமாக, முதுகில் ஸ்டேப்பிளைச் சுற்றிக் குறுக்குக் கோடுகள். கோடு விழுந்த இடத்தில் நிறம் போய் வெள்ளை தெரியும். கடற்கரை ஈரத்தில் ஸ்டேப்பிள் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கியிருக்கும். ஓரத்தில் ஃபிஷ்மாத் கொரித்த வளைவு. தமிழ்நாட்டில் இந்தப் பூச்சிக்கு ராமபாணம் என்று பெயர், என்ன ஒரு கௌரவம்! தாளின் நிறத்துக்குத் தனிக் குறிப்பு உண்டு: வெள்ளை, வெள்ளை சார்ந்தது, இளமஞ்சள் என்று லேபிளில் எண்ணோடு சேர்த்தே அச்சிடுவார்கள்.

இதில் பலருக்கு வியப்பாக இருப்பது ரப்பர் முத்திரை விஷயம். அந்தச் சிறிய முத்திரை பெரிய குற்றமல்ல. அமெரிக்கக் கடைகளிலேயே புத்தகம் வந்த தேதியை அட்டையில் குத்துவார்கள்; தரமிடுபவர்களுக்கு அது பழகிப்போனது. கண்ணில் சட்டென்று படாத முதுகுக் கோடுகள்தான் 9.6-ஐ 8.5 ஆக்குகின்றன. அப்புறம், உள்பக்கங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். 1974-இல் வந்த ஹல்க் 181-ஆம் இதழில், பின்னாளில் புகழ்பெற்ற நாயகன் வோல்வரின் முழுமையாக அறிமுகமாகிறான். அதே இதழின் உள்ளே வெட்டி ஒட்டிச் சேகரிக்கும் ஸ்டாம்ப் ஒன்றும் அச்சிட்டிருந்தார்கள். பிள்ளைகள் சொன்னபடி வெட்டினார்கள். வெட்டிய பிரதிக்கு, அட்டை பளபளத்தாலும், விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

லேபிளின் நிறமும் ஒரு மொழி. நீலம் என்றால் சாதாரணம். மஞ்சள் என்றால் கையெழுத்து இடும்போது நிறுவனத்தின் ஆள் நேரில் பார்த்திருக்கிறார். ஊதா என்றால் புத்தகத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அதாவது 'ரெஸ்டொரேஷன்': போன நிறத்தைத் தொட்டு நிரப்பியிருக்கலாம், கிழிந்த இடத்தில் தாள் ஒட்டியிருக்கலாம். ஊதாவில் 8.0 என்பதும் நீலத்தில் 8.0 என்பதும் ஒரே எண்தான், ஒரே விலை அல்ல. ஊதாவுக்கு மிகக் குறைவு. ஆனால் புத்தகத்தை வெப்பத்தோடு அழுத்தி மடிப்பை நீக்கும் 'பிரஸ்ஸிங்' செய்தால் நீல லேபிள்தான் கிடைக்கும். சேலைக்கு இஸ்திரி போடுவது போல என்று அவர்கள் வாதம். எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. கை வைத்தது கை வைத்ததுதான். ஆனால் எல்லாரும் செய்வதால் செய்யாதவர் நஷ்டப்படுகிறார்.

இனி விலை. ஒரே எண்ணுக்கு ஒரே விலை என்று நினைப்பவர்களுக்கு ஸ்பைடர்மேன் முதலில் வந்த 1962-ஆம் ஆண்டு இதழ் நல்ல பாடம். அதன் 9.6 பிரதி ஒன்று 2011-இல் 11 லட்சம் டாலருக்குப் போனது. 2021-இல் இன்னொரு 9.6 பிரதி 36 லட்சம். தரம் மாறவில்லை, காலம் மாறியது: படங்கள் வந்தன, பெருந்தொற்றில் வீட்டில் அடைந்தவர்கள் கையில் பணம் இருந்தது. சூப்பர்மேன் அறிமுகமான 1938-ஆம் ஆண்டு இதழின் 9.0 பிரதி 2014-இல் 32 லட்சம் டாலர். அதைவிடத் தாழ்ந்த 8.5 பிரதி 2024-இல் 60 லட்சம். அட்டையில் அச்சிட்ட விலை 10 சென்ட். எட்டாத உயரத்து விலைகள்தான் இவை. ஆனால் கீழேயும் இதே வேலைதான் நடக்கிறது. சாதாரண எண்பதுகள் இதழுக்கு 9.8 என்றால் விலை உண்டு, 9.4 என்றால் தரமிட்ட கூலிக்குக்கூடத் தேறாது.

கூலி என்றதும் நம் ஊர்க் கணக்கையும் சொல்ல வேண்டும். ரா புத்தகம் சரசோட்டா போய் டர்பன் திரும்ப இரு வழித் தபால், காப்பீடு, தரமிடும் கட்டணம் எல்லாம் டாலரில். கட்டணமும் புத்தகத்தின் மதிப்போடு ஏறும். வெளியே அனுப்பும்போதே சுங்கத்தில் பதிவு செய்யாவிட்டால், திரும்பி வரும்போது உங்கள் புத்தகத்துக்கே 15 சதவீத வாட் கேட்பார்கள். ஆகவே இங்கே ஸ்லாப் வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு காமிக்ஸுக்கே அல்ல. வேறொருவர் ஏற்கெனவே பட்ட அலைச்சலுக்கு. ஜோகனஸ்பர்க்கின் 'காமிக் கான் ஆப்பிரிக்கா' விழாவில் மேசை போடுபவர்களிடம் பேரம் பேசுவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணை நம்பலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணுக்கு உரிய புத்தகம்தான் உள்ளே இருக்கிறதா? 2023 கடைசியில் இந்தக் கேள்விதான் சந்தையை உலுக்கியது. யாரோ சிஜிசி பெட்டியைத் தடம் தெரியாமல் திறந்து, உள்ளே இருந்த உயர்தரப் பிரதியை எடுத்துவிட்டு, அதே இதழின் மட்டமான பிரதியை வைத்து, 'பெட்டி கீறிவிட்டது, புதுப்பெட்டி போட்டுத் தாருங்கள்' என்று நிறுவனத்துக்கே அனுப்பியிருந்தார்கள். புதுப்பெட்டி வந்தது, பழைய எண்ணோடு. எடுத்த நல்ல பிரதியை மறுபடி தரமிட்டால் இன்னொரு உயர்ந்த எண். சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு சான்று எண் உண்டு; சிஜிசி சந்தேகத்துக்குரிய சான்று எண்களின் பட்டியலை வெளியிட்டது, வழக்கும் போட்டது. தரமிடும் கண் தவறவில்லை, மூடி தவறியது. என் பார்வையில் ஸ்லாப் என்ற சொல்லின் உயிர் எண்ணில் இல்லை, மூடியில்தான் இருக்கிறது. தமிழ்ச்சொல் தேடும்போதும் இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்தத் தொழிலுக்குச் சொல் பஞ்சம் இல்லை, ஏனென்றால் தொழில் நமக்குப் புதிதில்லை. காசைச் சோதித்துச் சொல்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார் போலச் சிலர் அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். பின்னாளில் அதே வேலைக்கு நோட்டம், அதைச் செய்பவர் நோட்டக்காரர். அழகான சொல், ஆனால் இன்று 'வீட்டை நோட்டம் விட்டான்' என்றால் திருடன்தான் நினைவுக்கு வருவான். 'மாற்று' இன்னும் நெருக்கம்: பத்தரை மாற்றுத் தங்கம் என்பதில் உள்ள மாற்று, உரைகல்லில் கண்ட தரத்தின் எண். ஆனால் 'மாற்று 9.6' என்று எழுதினால் மாற்றிவைத்த பிரதி என்று படிப்பார்கள். மேலே சொன்ன மோசடிக்குப் பிறகு அந்த அர்த்தம் யாருக்கும் வேண்டாம்.

'தரம்' பிழைக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை விளைச்சல் பார்த்துத் தரம் தரமாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த வகுப்பிலும் சேராத நிலம் தரமிலி. கிரேடு என்பதன் லத்தீன் வேருக்குப் 'படி' என்று பொருள். அதனால் 'படிநிலை' என்று எழுதலாம் என்பாரும் உண்டு. ஆனால் 'இது என்ன தரம்?' என்று கேட்கிற நாக்கு 'இது என்ன படிநிலை?' என்று கேட்காது. கிரேடு: தரம், தர எண். கிரேடிங்: தரமிடல். கிரேடர்: தரமிடுபவர். இதைச் சுருக்கித் 'தரகர்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தரகர் புரோக்கர் ஐயா. இந்தத் தொழிலில் இருவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதுதான் முழு ஏற்பாடும்.

ஸ்லாபுக்கு 'பலகை', 'பாளம்' என்று நேர்ச்சொல் போடலாம். பாளம் என்றால் உருக்கி வார்த்த தங்கம்தான் கண்ணுக்குத் தெரியும், உள்ளே ஒன்று இருப்பது தெரியாது. 'தரப்பெட்டி' மோசமில்லை, மூடியைச் சொல்லவில்லை. அகநானூற்றின் 77-ஆம் பாடலில், கயிற்றால் கட்டிய குடத்தின் மேல் இட்ட பொறியைச் சரிபார்த்து, பிறகு அதை உடைத்து, உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். முதலில் பொறியைப் பார், பிறகு உள்ளே பார். பொறி இன்று எலிக்கு என்றாகிவிட்டதால் முத்திரை என்று வைத்துக்கொள்வோம். அரிய பொருளை வைக்கும் மூடிபோட்ட பெட்டிக்குப் பேழை. ஆகவே முத்திரைப்பேழை. ரா என்பதற்குப் 'பேழையிடாத பிரதி' போதும், 'பச்சைப் பிரதி' என்று மொழிபெயர்க்க வேண்டாம். ரெஸ்டொரேஷனுக்குச் செப்பம்; பிரஸ்ஸிங்குக்கு அழுத்தித் தேய்த்தல்.

விற்பனைக்கு எழுதும்போது இப்படி வரும்: 'முத்திரைப்பேழையில் உள்ளது. தர எண் 6.5, நீல லேபிள், இளமஞ்சள் தாள். செப்பம் இல்லை. பின்னட்டையில் புக் எக்ஸ்சேஞ்ச் முத்திரை உண்டு. பேழையின் நான்கு மூலைகளையும் அருகில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். சான்று எண்ணைச் சரிபார்த்த பிறகு பேசலாம்.'