மூட்டை அரிசி கொடுக்கும் முன் ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள்

ஹீமோகுளோபின் 7.4, அதாவது கடுமையான ரத்தசோகை. வயது 31, இரண்டு பிள்ளைகள். மருத்துவர் அனுப்பி, உணவு ஆலோசனை சொல்லும் என் எதிரே வந்து உட்கார்ந்தவரிடம், "வீட்ல என்னம்மா சமைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அரிசிக்குக் குறையில்ல மேடம். உணவு வங்கியில மாசாமாசம் இலவசமாத் தர்றாங்க. ரசம், ஊறுகாய்னு ஓடுது. பருப்பு விக்கிற விலைக்கு எங்க வாங்குறது?"

"ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்தானே?"

"எங்களுக்குக் கார்டு இல்ல. பேரு மாமியார் கார்டுலயே இருக்கு. தனிக்குடித்தனம் வந்து ரெண்டு வருஷமாச்சு."

இந்த மாதம் இப்படிச் சொன்ன நான்காவது ஆள் இவர். இரண்டு வருடம் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு அரிசி வாங்கியிருக்கிறார். ஏன் வருகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் நானும் வேறொரு உணவு வங்கியில் பொட்டலம் கட்டுகிறேன். எங்கள் பதிவேட்டிலும் அந்தக் கேள்வி இல்லை. இந்த வாரம்தான் சேர்த்தோம்.

சோறு இருந்தால் பசி தீர்ந்தது என்ற நினைப்பைத் தயவுசெய்து விடுங்கள். ஒரு நாளைக்கு 300 கிராம் வெள்ளை அரிசி சமைத்தாலும் அதில் கிடைக்கும் இரும்புச்சத்து சுமார் 2 மில்லிகிராம்தான். பெண்ணுக்கு வேண்டியது 29. தட்டு நிறையச் சோறு போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, சர்க்கரைதான் ஏறும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இலவச அரிசி கிடைக்கும் மாநிலத்தில்தான் இந்த நிலை!

திதி, பிறந்தநாள் என்று கொடுக்க வருகிறவர்கள் துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கேழ்வரகு கொடுங்கள். நாளை காலாவதியாகும் பிஸ்கட்டை இன்று கொண்டுவந்து இறக்காதீர்கள். மதியம் மிஞ்சிய கல்யாணச் சாம்பாரை எடுத்துப்போகச் சொல்லி மாலை ஐந்து மணிக்குப் போன் செய்யாதீர்கள். தீபாவளிக்குக் குவிவதெல்லாம் ஆடியில் காலியாகிவிடுகிறது. மாதம் 500 ரூபாய், ஆனால் தவறாமல் தாருங்கள். அந்தப் பணம் உறுதியாக வரும் என்று தெரிந்தால்தான் அறுவடை நேரத்தில் விவசாயிகளிடமே பயறு பேசி வாங்கி வைக்க முடியும்.

உணவு வங்கி நடத்துபவர்களே, பொட்டலம் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். பழைய கார்டில் பெயர் நீக்குவது, புதிய கார்டுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது, முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு எழுதுவது எல்லாம் அங்கே நடக்கட்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கு, சொந்த ஊர்க் கார்டைக் கொண்டே இங்கும் ரேஷன் வாங்கலாம் என்று சொல்லுங்கள். 2020 அக்டோபரிலிருந்தே இங்கே அந்த வசதி உண்டு, பலருக்குத் தெரியவில்லை. எத்தனை டன் கொடுத்தோம் என்று பேனர் கட்டுகிறீர்கள். இந்த வருடம் எத்தனை குடும்பங்களுக்கு நம் வரிசையில் நிற்கும் தேவை தீர்ந்தது என்றும் எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணை அடுத்த மாத ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது மாமியார் கார்டில் பெயர் நீக்கிய சான்றையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.