கூரையில பூட்டின பூஸ்டரைக் கழட்டுங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்

போன கிழமையும் இப்பிடி ஒரு பூஸ்டர் பிடிச்சன். இந்த வருசத்தில இது ஏழாவது. யாழ்ப்பாணத்தில வலிகாமம் பக்கம் ஒரு கிராமம், ரவரில இருந்து ஒரு கிலோமீற்றர் கூட இல்ல, போனில சிக்னல் கோடு நாலும் நிக்குது, ஆனா கோல் எடுத்தா மற்றப் பக்கம் ஒண்டும் கேக்காது, வட்ஸ்அப்பில படம் அனுப்பினா சுத்திக்கொண்டே இருக்கும். சனம் கம்பனிக்கு அடிச்சு ஏசுது, கம்பனி ரவர் வேலை பாக்கிற எனக்கு ஏசுது. மூண்டு நாள் வெயிலுக்குள்ள இரைச்சல் எந்தப் பக்கத்தால வருது எண்டு பிடிக்கிற யாகி அன்டெனாவைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா திரிஞ்சு கடைசியாப் பிடிச்சது, ஒரு மாடி வீட்டுக் கூரையில ஒன்லைனில வாங்கிப் பூட்டின சிக்னல் பூஸ்டர், சிக்னலைக் கூட்டும் எண்டு விக்கிற பெட்டி.

வீட்டு ஐயா நல்ல மனுசன், தேத்தண்ணி எல்லாம் தந்தார். "தம்பி, நான் என்ட வீட்டுக்குத்தானே பூட்டினனான், மற்றாக்களுக்கு இதால என்ன?" எண்டார். ஏழு வீட்டிலயும் இதே கேள்விதான்!

ஐயா, சிக்னல் எண்டது ரேடியோப் பாட்டு மாதிரி ஒரு பக்கமா வாற சாமான் இல்ல. உங்கட போனும் ரவரோட கதைக்க வேணும். 4ஜியில போன் முழுப் பலத்தோட கத்தினாலே 200 மில்லிவாட் தான், அது ரவருக்குப் போய்ச் சேரேக்க கிசுகிசு அளவுக்கும் இல்ல. அந்தக் கிசுகிசுவைக் கேக்கத்தான் ரவர் காதைத் தீட்டிக்கொண்டு நிக்குது. உங்கட மலிவுப் பூஸ்டர் என்ன செய்யுது எண்டா, கூரை அன்டெனாவும் வீட்டுக்குள்ள இருக்கிற அன்டெனாவும் கிட்டக் கிட்ட இருக்கிறதால தன்ட சத்தத்தைத் தானே திருப்பி எடுத்துக் கத்துது. கோயில் திருவிழாவில மைக்கை லவுட்ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனா 'கூ...' எண்டு கத்துமே, அதேதான். அந்தக் கத்தலுக்குள்ள ஊரில ஒருத்தற்ற கிசுகிசுவும் ரவருக்குக் கேக்காது. போனில தெரியிற கோடு, ரவர் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குது எண்டதைத்தான் காட்டும், நீங்கள் கதைக்கிறது ரவருக்குக் கேக்குதோ எண்டு காட்டாது. அதாலதான் கோடு நாலும் இருந்தும் கதைக்கேலாமக் கிடக்கு. அண்டைக்கு அந்த ரவருக்குக் கேட்ட இரைச்சல் வழமையை விட நூறு மடங்கு.

இன்னொரு பகிடி சொல்லுறன். அதே ஒழுங்கைக்குள்ள ரவர் வரவேண்டாம், கான்சர் வரும் எண்டு முந்திப் பெட்டிசத்தில கையெழுத்து வைச்ச வீடும் இதுதான். 2019இல யாழ்ப்பாணத்தில ஸ்மார்ட் கம்பத்துக்கு (அன்டெனா பூட்டுற தெருவிளக்குக் கம்பம்) எதிரா 5ஜி எண்டு சனம் தெருவில இறங்கினதும் ஞாபகம் இருக்கும். ஆனா ரவர் தூரப் போனா, இல்லாட்டி இப்பிடி இரைச்சல் கூடினா, காதுக்குப் பக்கத்தில இருக்கிற உங்கட போன்தான் பலத்தைக் கூட்டிக் கத்தும், போன் சுடுறதும் சார்ஜ் இறங்குறதும் அதாலயும்தான். இதை எத்தினை கூட்டத்தில சொல்லியிருப்பன்!

ஒரு கதைக்குச் சொல்லுறன், 1989இலயே, தெற்காசியாவில முதல் ஆளா, செல்போன் வந்த நாடு எங்கட இலங்கை. 1995இல ஜிஎஸ்எம், 2006இல 3ஜி, அதுகளும் இந்தப் பக்கத்தில முதல்தான். ஆனா 2002க்கு முந்தின சண்டைக் காலத்தில எங்கட பக்கத்தில செல்போன் லைனே இல்ல, வெளிநாட்டில இருக்கிற பிள்ளையோட கதைக்க அம்மாக்கள் வவுனியா, கொழும்பு எண்டு போய்க் கொமினிகேசன் கடை வாங்கில நாள் கணக்காக் குந்தியிருந்தவை. செல்போனில தொடக்கத்தில உள்வாற கோலுக்கும் காசு. 2002 சமாதான காலத்திலதான் யாழ்ப்பாணத்துக்கு செல்போன் வந்தது. இண்டைக்கு நாட்டில சனத்தொகையை விட சிம் கூட. சிம் கூடின அளவுக்கு அலைவரிசை கூடேல்ல, இருக்கிறதைத்தான் எல்லாரும் பங்குபோட்டுக் கதைக்கிறம், அதில ஒருத்தர் பூஸ்டர் பூட்டினா ஊரே அவுட்.

அனுமதி இல்லாமல் இப்பிடி ரேடியோச் சாமான் வைச்சிருக்கிறது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தில குற்றம். "கடையில விக்கிறாங்கள், நாங்கள் வாங்கினம்" எண்டு சாட்டுச் சொல்லேலாது.

வீட்டுக்குள்ள சிக்னல் இல்லையோ? தகரக் கூரையும் கொங்கிறீட் பிளேட்டும் சிக்னலை மறிக்கும், அதுக்கு ரவர் என்ன செய்யும். வெளி அன்டெனா பூட்டுற 4ஜி ரவுட்டர் வாங்குங்கோ, அது பூஸ்டர் இல்ல, அதுவும் ஒரு போன் மாதிரித்தான், ரவர் சொல்லுற அளவுக்குத்தான் கத்தும். வீட்டில வைஃபை இருக்கு, போனும் சிம்மும் விடுமெண்டா வைஃபை கோலிங்கைப் போடுங்கோ, கோல் வைஃபையால போகும். கம்பனிக்கு அடிக்கேக்க "கவரேஜ் இல்ல" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைக்காதேங்கோ, எந்த இடம், எத்தினை மணி, கோல் வெட்டுதோ சத்தம் வரேல்லையோ எண்டு சொல்லுங்கோ, அதுதான் எனக்கு வேணும். கம்பனி அசையாட்டி தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு 1900 அடியுங்கோ. கூரையில பெட்டி இருந்தா முதல் பிளக்கைக் கழட்டுங்கோ, பிறகு ஏசுங்கோ.

அந்த ஐயா கழட்டித் தந்தார், அடுத்த நிமிசம் மனுசி போனில நுணாவிலில இருக்கிற தங்கச்சியோட கதைக்கத் தொடங்கிட்டா.

எட்டாவது ஊரிலயும் கரண்ட் போற நேரம் பாத்து இரைச்சல் அப்பிடியே விழுகுது. ரவருக்கு பற்றரி இருக்கு, பூஸ்டருக்கு இல்லைத்தானே. எந்தப் பக்கத்துக்கு எப்ப கரண்ட் வெட்டுறாங்கள் எண்டு கேட்டு வைச்சிருக்கிறன், நாளைக்குக் காலமை போறன்.