இறக்கையில் தெளிக்கும் திரவம் ஓடைக்குப் போகலாமா? அமெரிக்காவின் 2012 விதி

குளிர்காலத்தில் சிகாகோவிலோ நியூவார்க்கிலோ விமானம் ஏறியவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். கிளம்பும் முன் ஒரு வண்டி வந்து நின்று, இறக்கை மேல் ஆரஞ்சு நிறத்தில் எதையோ சூடாகப் பீய்ச்சும். சில சமயம் அதன் மேலேயே பச்சை நிறத்தில் கொழகொழவென்று இன்னொன்று. ஆரஞ்சு, படிந்த பனியை உருக்க. பச்சை, மறுபடி படியாமல் இருக்க. இறக்கையில் பனி ஒட்டியிருந்தால் விமானம் மேலெழும்பக் கூடாது என்பது விதி. அதனால் இந்தத் தெளிப்பைக் குறைக்கச் சொல்லி யாரும் விமானியை நெருக்க முடியாது. தரையில் வடிந்த பிறகு அதை என்ன செய்வது என்று மட்டும்தான் கேட்க முடியும்.

அதைத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தூய நீர்ச் சட்டத்தின் கீழ் 2012 மே மாதம் வெளியிட்ட விதியில் கேட்டது.

இந்தத் திரவத்தின் மூலப்பொருள் கிளைகால், பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைகால். இது கொடிய விஷம் இல்லை. உணவுப் பொருள்களில்கூடச் சேர்க்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீரில் உள்ள நுண்ணுயிரிகளுக்கு இது நல்ல தீனி. தின்னும்போது அவை ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். 1 கிலோ புரோப்பிலீன் கிளைகால் முழுதாகச் சிதைய சுமார் 1.7 கிலோ ஆக்சிஜன் வேண்டும். உறைநிலைக் குளிரில் 1 லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ 14.6 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால், 1 கிலோ கிளைகால் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேலான ஓடை நீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். ஒரு விமானத்துக்கே நூற்றுக்கணக்கான லிட்டர் செலவாகும். மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதப்பதற்குக் காரணம் இதுதான்.

விதி சொல்வது இரண்டு விஷயம். முதலாவது, தெளித்ததைச் சேகரிப்பது. குளிர் மண்டலங்களில் ஆண்டுக்கு 10,000 அல்லது அதற்கு மேல் விமானங்கள் புறப்படும் புதிய விமான நிலையங்கள், சேகரிக்கக் கிடைக்கும் திரவத்தில் 60 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ‘கிடைக்கும்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஆரஞ்சுத் திரவத்தில் 75 சதவீதத்தையும் பச்சைத் திரவத்தில் 10 சதவீதத்தையும் மட்டுமே அப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள். பச்சை பெரும்பாலும் இறக்கையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பது காரணம். சேகரித்ததைச் சுத்திகரித்து வெளியே விட்டால், அந்த நீரின் வேதி ஆக்சிஜன் தேவை (சி.ஓ.டி.), அதாவது அதில் மிச்சமிருக்கும் கழிவு சிதைய வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு ஒரு நாளில் 271 மில்லிகிராமையும், வார சராசரியில் 154 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

‘புதிய’ என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் பெரிய விமான நிலையத்தைப் புதிதாகக் கட்டுவதே அபூர்வம். டென்வர் விமான நிலையம் திறந்தது 1995-ல். 2009-ல் வந்த வரைவு, ஏற்கெனவே இயங்கும் நிலையங்களும் சேகரிக்க வேண்டும் என்றது. இறுதி விதியில் அது இல்லை. முக்கியமான பல்லை அங்கேயே பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது விஷயம் யூரியா. ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். ஓடுபாதையில் பனிக்கட்டி படியாமல் இருக்க அதைத் தூவுவார்கள். நீரில் கரைந்து சிதையும்போது 1 கிலோ யூரியாவிலிருந்து அரைக் கிலோவுக்கும் மேல் அம்மோனியா உண்டாகும். அம்மோனியா மீன்களுக்கு நேரடி விஷம். ஆண்டுக்கு 1,000 ஜெட் விமானங்களாவது புறப்படும் நிலையங்கள், பழையதோ புதியதோ, யூரியா இல்லாத பொருளுக்கு மாறிவிட்டதாக ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். யூரியாவை விடமாட்டோம் என்றால், வெளியேறும் நீரில் அம்மோனியா லிட்டருக்கு 14.7 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பொட்டாசியம் அசிடேட், சோடியம் ஃபார்மேட் என்று மாற்றுகள் இருப்பதால், மாறிவிடுவதே சுலபம். சத்தமில்லாமல் இந்த விதி நிஜமாகவே சாதித்தது இந்தப் பாதியில்தான்.

சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது? நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி விமான நிலையம் நல்ல உதாரணம். அங்கே காற்றில்லாத தொட்டிகளில் பாக்டீரியாக்கள் கிளைகாலைத் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. மேலே சொன்ன சி.ஓ.டி. வரம்பும் இந்தத் தொழில்நுட்பத்தை வைத்து எழுதியதுதான். டென்வரில் வேறு வழி: கிளைகாலைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அப்படியானால் பழைய நிலையங்களின் கிளைகாலுக்குக் கேள்விமுறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு நிலையமும் வெளியேற்ற அனுமதி வாங்க வேண்டும். எவ்வளவு சேகரிக்க வேண்டும், எங்கே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதை அனுமதி எழுதும் அதிகாரி, பெரும்பாலும் மாநில அரசின் அதிகாரி, முடிவு செய்வார். அனுமதி அதிகபட்சம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும்போது வரைவை வெளியிட்டு, கருத்துச் சொல்ல மக்களுக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். விமான நிலையத்தின் ஓடை உங்கள் வீட்டுப் பின்புறம் ஓடுகிறது என்றால், தேட வேண்டிய தாள் அதுதான்.