ஒழுக்கவியலை மீற முடியுமா?

கொழும்பு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தமிழில் புரட்டினால் 'பிசினஸ் எதிக்ஸ்' என்பதன் மொழிபெயர்ப்பாக 'வணிக ஒழுக்கவியல்' கண்ணில் குத்துகிறது. ஊழியர்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்களாம், மீறினால் நடவடிக்கையாம். இயல் என்றால் படிப்புத் துறை. உயிரியலை மீறியவர் எவரேனும் உண்டா?

'எதிக்ஸ்' கிரேக்க வழி வந்தது. வேர்ப்பொருள் பழக்கம், குணம். அதை இலத்தீனில் சொல்ல ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ ஆக்கிய சொல்லே 'மொராலிஸ்'. ஆக எதிக்ஸும் மொரல்ஸும் பிறப்பால் உறவு. பின்னாளில் முன்னது தொழில்சார் நெறிக்கும் பின்னது தனிமனித நடத்தைக்கும் என்று பெரும்பாலும் ஒதுங்கின. நம் 'ஒழுக்கம்' ஒழுகுதலிலிருந்து வந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

பக்கத்திலிருக்கும் சிங்களத்தில் இந்தத் தடுமாற்றம் இல்லை. நடந்துகொள்ளும் முறைக்கு 'ஆசார தர்ம', படிக்கும் துறைக்கு 'ஆசார வித்யாவ'. அதே அறிக்கையின் சிங்களப் பிரதியை எட்டிப் பார்க்கவும் நம் மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லை.

சரி, 'இயலை' வெட்டிவிட்டு 'வணிக ஒழுக்கம்' என்று எழுதினால் என்ன என்பார்கள். இலக்கணப்படி பிழையில்லை, வழக்குதான் இடிக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது 'ஆள் ஒழுக்கமானவர்' என்றால் குடியில்லை, தொடுப்பில்லை, அத்தோடு சரி. புறக்கோட்டைக் கடையில் காலாவதித் திகதியை மறைத்து விலைச்சீட்டு ஒட்டுகிறாரா என்று பெண்வீட்டார் கேட்பதில்லை. தராசில் கைவைப்பவரும் நம்மூரில் ஒழுக்கசீலராக உலாவலாம். இப்படிச் சுருங்கிப்போன சொல்லை வணிகத்தின் தலையில் கட்டினால், ஊழியரின் சொந்த வாழ்க்கையை மேலாளர் நோட்டமிடுவதாகவே படும்.

என் தெரிவு 'வணிக அறம்'. அறநெறி என்றதும் பிள்ளைகள் சமயம் படிக்கும் ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை நினைவுக்கு வருகிறதே என்பவர்களுக்குச் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியைக் காட்டுவேன். 'அறநெறி பிழையாது ஆற்றின் ஒழுகி' என்று அது பாடுவது கடைவீதி வணிகர்களை. பட்டினப்பாலை இன்னும் கறார்: வாங்குவதை மிகையாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார். சட்டம் வேறு. குறித்த விலைக்கு மேல் விற்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். நாளை காலாவதியாகும் பால்மாவை வாய்திறக்காமல் இன்று விற்கலாமா என்பது அறத்தின் கேள்வி. எழுதிவைத்த விதிகளுக்கு 'ஒழுக்கக்கோவை' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். 'ஒழுக்கவியல்' பல்கலைக்கழக மெய்யியல் வகுப்போடு நிற்கட்டும்.

அறம் என்றால் தானதருமம்தானே என்றும் ஒரு மறுப்பு உண்டு. அந்த மயக்கத்தை வளர்ப்பவை இந்த அறிக்கைகளே. தலைப்பு ஒழுக்கவியல், கீழே பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கும் வண்ணப்படம், நடுவில் முதலாளி. வள்ளல் ஆயைப் பாடிய முடமோசியார் அவன் 'அறவிலை வணிகன்' அல்லன் என்றார், புறநானூறு 134இல். மறுமைப் பயனை எண்ணிக் கொடுப்பவனுக்கே அந்தப் பெயர். இவர்களுக்கு மறுமைவரை பொறுமையும் இல்லை. அடுத்த காலாண்டே போதும்.