போனுக்கு வானம் தெரியும், வடக்குதான் தெரியாது

போன தை மாதம் ஒருநாள் இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு, வானம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், போனில் இருந்த நட்சத்திர ஆப்பைத் திறந்து கொடுத்தேன். போனை எந்தப் பக்கம் தூக்கிப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கத்து வானத்தைப் பெயர்களோடு காட்டும் ஆப் அது. பீட்டல்ஜூஸைத் தேடச் சொன்னேன். நம்மூர்ப் பெயர் திருவாதிரை, சிவப்பாக இருப்பதால் சட்டென்று கண்ணில் படும்.

"அப்பா, தென்னை மரத்துக்கு மேல இருக்குன்னு காட்டுது. ஆனா செவப்பா இருக்கறது இங்கல்ல இருக்கு?" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

அவள் சொன்னதுதான் சரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. ஆப் இரண்டு முஷ்டி தள்ளி நின்றது. இத்தனைக்கும் அதே ஆப்பைக் கேட்டால் நூறு வருடம் கழித்து வரப்போகும் கிரகணத்தை நிமிட சுத்தமாகச் சொல்லும். அவ்வளவு தெரிந்தது இங்கே எப்படிக் கோட்டை விட்டது?

முதலில் அதற்கு என்னவெல்லாம் தெரியும் என்று பார்த்துவிடலாம். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்கள் வானம் முழுவதும் சேர்த்தே சுமார் 9,000 தான். பூமியில் ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வானத்தில் இரண்டு எண்கள் உண்டு. கூடவே அதன் பிரகாசம், நிறம் என்று நட்சத்திரத்துக்கு 20 பைட் ஒதுக்கினாலும் மொத்தம் 180 கிலோபைட்தான் ஆகிறது. வாட்ஸ்அப்பில் காலையில் வந்து விழும் குட்மார்னிங் படம் பல நேரம் அதைவிடப் பெரிது. இன்னும் மங்கலான நட்சத்திரங்களும் வேண்டும் என்றால் ஐரோப்பிய விண்வெளி முகமை 1989-இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் பட்டியல் இருக்கிறது. 1997-இல் வெளியான அதில் 1,18,218 நட்சத்திரங்கள்.

பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இந்த எண்களும் நகரும், 72 வருடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில். பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று சொல்வது இதைத்தான். 2000-ஆம் ஆண்டுக்கான பட்டியலை அப்படியே இன்று காட்டினால், நிலாவின் அகலத்தில் பாதிக்கு மேல் தவறு வந்துவிடும். ஆப் இதையும் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

கிரகங்களுக்குப் பட்டியல் போதாது, சூத்திரம் வேண்டும். பாரிசில் 1987-இல் தயாரான ஒரு கணக்குமுறையைப் பல ஆப்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. ஆயிரக்கணக்கான சைன் அலைகளைக் கூட்டிக் கோளின் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை அது. இதைப் படித்தபோது எனக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு முன்னால், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லியபடியே அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் நாவில் ஓடிய அட்டவணையின் வேலையைத்தான் போனில் சைன் அலைகள் செய்கின்றன.

அடுத்து, நாம் எந்த ஊரில், எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பது. ஜிபிஎஸ் மீட்டர் கணக்கில் இடத்தைச் சொல்லும், ஆனால் இங்கே அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. ஒரு டிகிரி அட்சரேகை என்பது 111 கிலோமீட்டர். தாம்பரத்தில் நின்றுகொண்டு எழும்பூர் என்று பொய் சொன்னாலும் வானத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நேரமும் அப்படித்தான். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது, போன் கடிகாரமோ நொடி பிசகாது.

ஆக வானம் தெரியும், ஊர் தெரியும், மணி தெரியும். போனுக்குத் தெரியாதது, தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான்.

அதைக் கண்டுபிடிக்க உள்ளே மூன்று சில்லுகள் இருக்கின்றன. முதலாவது முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய ஒரு பொடி எடை, தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. அதன் ஓரத்தில் சீப்புப் பற்கள், எதிரே அசையாத இன்னொரு சீப்பு. போனைச் சாய்த்தால் எடை ஈர்ப்பு விசையின் பக்கம் சரியும், பற்களுக்கிடையே உள்ள இடைவெளி மாறும், அங்கே தேங்கும் மின்னூட்டமும் மாறும். கீழ் எது, மேல் எது என்று இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. போனைப் படுக்கவைத்தால் வீடியோ திரும்பிக்கொள்வதும் இதனால்தான். ஆட்டாமல் பிடித்தால் இது அநேகமாக ஏமாற்றாது.

இரண்டாவது ஜைரோ. அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சின்ன எடை, போன் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளப்படும். எவ்வளவு வேகமாகத் திரும்பினோம் என்று அந்தத் தள்ளலை வைத்துச் சொல்லும். 2010-இல் ஐபோன் 4 இதைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த ஆப்களில் வானம் நடுங்காமல் வழுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தது. ஆனால் ஜைரோவுக்குத் தெரிவது எவ்வளவு திரும்பினோம் என்பது மட்டும்தான், எங்கிருந்து திரும்ப ஆரம்பித்தோம் என்பது அல்ல. சின்னச் சின்னப் பிழைகள் வேறு சேர்ந்துகொண்டே போகும்.

வடக்கைச் சொல்ல வேண்டியது மூன்றாவது சில்லு, காந்தமானி. வம்பு முழுக்க இங்கேதான். தென் தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கும் பொம்மைக் காந்தத்தின் மேற்பரப்பில் இதைப்போல நூறு மடங்குக்குக் குறையாது. இவ்வளவு மெலிந்த புலத்தை அளக்க வேண்டிய சில்லைக் கொண்டுபோய், ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்! கச்சேரியில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ கிசுகிசுப்பதைக் கேட்பது மாதிரி.

அதற்கு ஒரு வழி உண்டு. சில ஆப்கள் போனைக் காற்றில் 8 போடச் சொல்லும், பார்த்திருப்பீர்கள். பூமியின் புலம் மட்டும் இருந்தால், போனை எல்லாத் திசையிலும் சுழற்றும்போது வரும் அளவுகளைப் புள்ளிகளாக வைத்தால் ஒரு பந்து கிடைக்கும், பந்தின் மையம் பூஜ்யத்தில் இருக்கும். ஸ்பீக்கர் காந்தமோ போனோடு சேர்ந்தே சுழல்வது. அதனால் அது எல்லா அளவிலும் ஒரே தொகையைச் சேர்த்து, பந்தை அப்படியே ஓரமாகத் தள்ளிவிடும். மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து அந்தத் தொகையைக் கழித்துவிட்டால் முடிந்தது.

எங்கள் மாடியில் 8 போட்டும் பார்த்தோம், திருவாதிரை தென்னை மரத்தை விட்டு இறங்கவில்லை. மகள் நின்றது தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தை ஒட்டி. போனோடு சேர்ந்து சுழலாத இரும்பை 8 போட்டுக் கழிக்க முடியாது. அவளை மாடியின் நடுவுக்குக் கூப்பிட்டேன், பிழை பாதியாகக் குறைந்தது. போனுக்கு மூடி வைத்த கவர் போட்டிருந்தேன், மூடி ஒட்டிக்கொள்ள அதில் ஒரு சின்னக் காந்தம் உண்டு. கழற்றினேன். இப்போது அரை முஷ்டிக்கும் குறைவு. மீதிப் பிழைக்குக் காலடியில் காங்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பிகள் காரணமாக இருக்கலாம். அதற்காக வீட்டை இடிக்க முடியாது.

இந்த மூன்றையும் ஆப் கலந்துதான் பயன்படுத்துகிறது. இருட்டில் வீட்டுக்குள் நடப்பவர் காலடியை எண்ணிக்கொண்டே போய், அவ்வப்போது சுவரைத் தொட்டுப் பார்ப்பதுபோல, வேகமான அசைவுக்கு ஜைரோவை நம்பும், அவ்வப்போது காந்தமானியைத் தொட்டு வடக்கைச் சரிசெய்துகொள்ளும். சுவரே இடம் மாறியிருந்தால் கதை கந்தல்.

இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். அங்கே புலம் கிட்டத்தட்ட தரைமட்டமாகவே ஓடுகிறது, அவ்வளவும் வடக்கைக் காட்டப் பயன்படுகிறது. டொரன்டோவில் இருக்கும் உறவுக்காரருக்கு இந்த வசதி இல்லை. அங்கே புலம் ஏறக்குறைய செங்குத்தாகத் தரைக்குள் பாய்வதால், கிடைமட்டத்தில் கிடைப்பது நம்முடையதில் பாதிக்கும் குறைவு. போதாததற்கு அங்கே காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து சுமார் 10 டிகிரி மேற்கே விலகியிருக்கிறது, சென்னையில் இரண்டு டிகிரிகூட இல்லை. இந்த விலகலை ஆப் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒரு உலகக் காந்த மாதிரியிலிருந்து எடுத்துத் திருத்திக்கொள்ளும்.

அப்புறம், சிவப்புத் திரை. இரவு முறை என்று ஆப்பில் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட மறக்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளைத் திரையை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் வீண். இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது.

இப்போதெல்லாம் நான் காந்தமானியை நம்புவதே இல்லை. சந்தேகமில்லாமல் தெரியும் ஒன்றை முதலில் பிடித்துக்கொள்வேன். கார்த்திகை தீபத்தன்று என்றால் கேள்வியே இல்லை, முழுநிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்திலேயே நிற்கும். ஆப்பில் தெரியும் நிலாவை விரலால் இழுத்து நிஜ நிலாவுக்கு நேராகக் கொண்டுவந்துவிட்டால் போதும். இப்படி இழுக்க விடாத ஆப் என்றால், எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று முஷ்டியால் அளந்து மனதில் கழித்துக்கொள்வேன்.

நிலா இல்லாத நாளில் வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலில் உதிப்பது மின்டாகா. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் வான நடுக்கோட்டின் மேலேயே கிட்டத்தட்ட அது இருப்பதால் சென்னை, யாழ்ப்பாணம், டொரன்டோ என்று எங்கிருந்து பார்த்தாலும் நேர் கிழக்கில்தான் எழும், நேர் மேற்கில்தான் விழும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை ஏழு மணி வாக்கில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அது எழுவது எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே. மகள் அந்த இடத்துக்கு நேராகக் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் 'கி' என்று எழுதி வைத்திருக்கிறாள்.