கடற்கரை வீட்டுக் கைபிடிக்கு எந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கைபிடிக் கம்பி செய்து பொருத்துவது என் தொழில். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே போட்டனாங்கள், ஒரு மாரி கழியக் கறள் பிடிச்சிட்டுதே" என்று கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கறையைத் துடைத்து எடுக்கலாம். அதற்கு அடியில் விழுந்த குழியை ஒன்றும் செய்ய முடியாது.

பெரும்பாலும் அது 304 ரகமாக இருக்கும். 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்த உருக்கு அது. குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. கடற்காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். 316 ரகத்தில் மொலிப்டினம் என்ற உலோகமும் 2 முதல் 3 வீதம் சேர்ந்திருக்கிறது. அவ்வளவு சிறிய பங்குதான், ஆனால் குழி விழுவதை நன்றாகத் தடுக்கும். திருகோணமலை போல மூன்று பக்கமும் கடல் வளைத்த ஊரில் இதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

மொலிப்டினம் தனி உலோகமாக 2600 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். அதனால் உயர்வெப்பச் சூளைகளின் உள்பாகங்களுக்கு உதவுகிறது. கந்தகத்தோடு சேர்ந்து கரும்பொடியானதைக் கிறீசில் கலப்பார்கள். எரிபொருளில் கந்தகம் நீக்கும் வினையூக்கியிலும் உண்டு. ஆனாலும் பெரும்பங்கு போவது உருக்குக்குத்தான்.

சரி, கடையில் எப்படி அடையாளம் காண்பது? காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்பவே வேண்டாம். 304, 316 இரண்டுமே காந்தத்தில் ஒழுங்காக ஒட்டாது. போல்ட் என்றால் தலையைப் பாருங்கள்: ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. குழாய்க்கும் தகட்டுக்கும் மேலே அச்சிட்ட ரக எண்ணைப் பாருங்கள். அதை உரசி அழித்திருந்தால் வாங்காதீர்கள். துளி மருந்தும் பற்றரியும் வைத்துச் செய்யும் சோதனையும் உண்டு, மொலிப்டினம் இருந்தால் நிறம் மாறும்.

வெல்டிங் குச்சியையும் கேளுங்கள். 316 குழாயை மொலிப்டினம் இல்லாத 308 குச்சியால் ஒட்டினால் ஒட்டிலே மொலிப்டினம் குறைந்து, அந்த இடமே முதலில் அரிக்கும். 316எல், அதாவது கரி குறைந்த 316 வகைக் குச்சிதான் வேண்டும். இரும்பு வெட்டிய கிரைண்டர் தட்டை இதில் வைக்கக் கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் கறளாகும்.

316 போட்டாலும் பிளீச்சிங் கரைசலால் துடைக்காதீர்கள், அதிலும் குளோரின்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். மழை படாத தாழ்வாரப் பக்கத்தையும் கம்பியின் அடிப்பக்கத்தையும் முதலில் கழுவுங்கள், உப்பு தங்குவது அங்கேதான்.