உண்ணி நாயின் மேல் குடியிருப்பதில்லை

சென்ற வாரம் ஒரு நாள் இரவு, மருத்துவமனையைப் பூட்டப் போகும் நேரத்தில், ஒரு நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிந்தது. தோளிலும் தொடையிலும் தசைகள் ஓயாமல் துடித்தன. கண்ணின் பாவை ஊசிமுனையளவுக்குச் சுருங்கியிருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்பதற்கு முன்பே, பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் நெடி அறை முழுவதும் பரவி விடையைச் சொல்லிவிட்டது. "உண்ணி தாங்க முடியல டாக்டர், குளிக்க வைக்கிற தண்ணியில ஒரு மூடிதான் கலந்தோம்" என்றார் உடன் வந்தவர். அட்ரோபின் ஊசியைப் போட்டு, சோப்பு நீரால் மீண்டும் மீண்டும் கழுவி, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் நாய் பிழைத்துக்கொண்டது. கழுவும்போது அதன் முன்காலின் விரலிடுக்கை விரித்துப் பார்த்தேன்; ஆமணக்கு விதை அளவில் உப்பிய மூன்று உண்ணிகள் அங்கே பத்திரமாக ஒட்டிக்கொண்டு, கால்களை அசைத்துக்கொண்டிருந்தன. நாயைக் கொல்லப் பார்த்த மருந்து உண்ணியைக் கொல்லவில்லை.

இப்படி வரும் நாய்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பெரும்பாலானவை காட்டை ஒட்டிய வீடுகளிலிருந்தே வருகின்றன. அவற்றை வளர்ப்பவர்கள் கொடியவர்களும் அல்லர், அக்கறை இல்லாதவர்களும் அல்லர். அவர்களிடம் உள்ள பிழை ஒன்றே ஒன்றுதான். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் நாயின் உடம்பில்தான் வாழ்கின்றன என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். ஆகவே தங்கள் கோபம் முழுவதையும் நாயின் உடம்பின் மேலேயே கொட்டுகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனெனில் "நாய்க்குப் பேன் பிடித்திருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்பவரிடம் எதைப் பற்றிப் பேசுவதென்றே எனக்குத் தெரிவதில்லை. பேன் தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே உடம்பில் கழிக்கும்; அது வேறு. தெள்ளு என்பது ஆறு கால்களும் பக்கவாட்டில் தட்டையான உடலும் கொண்ட, தாவிக் குதிக்கும் பூச்சி. உண்ணி பூச்சியே அல்ல. எட்டுக் கால்களுடைய, சிலந்தியின் உறவு. பொரித்த புதிதில் மட்டும் அதற்கு ஆறு கால்கள் இருக்கும். இவை மூன்றுக்கும் ஒரே வைத்தியம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து சற்று விலகியிருப்பது நல்லது.

தெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளின் மொத்தக் கூட்டத்தில் நாய் மேலும் பூனை மேலும் நாம் காணும் வளர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மீதி 95 விழுக்காடும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில், விரிப்பில், சோபாவின் இடுக்கில், படிக்கட்டின் அடியில், நாய் வழக்கமாகப் படுக்கும் புதர் நிழலில் இருக்கின்றன. பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 வரை இடும். அந்த முட்டைகள் ரோமத்தில் ஒட்டுவதில்லை. உப்புத்தூள் போல நாய் நடக்கும் வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே போகின்றன. அவற்றிலிருந்து வரும் புழுக்கள், நாயின் மேலிருந்து உதிரும் வளர்ந்த தெள்ளின் எச்சத்தை, அதாவது காய்ந்த இரத்தத்தை, தின்று வளர்கின்றன. ஆக, நாய் எங்கே அதிகம் படுக்கிறதோ அங்கேயே முட்டையும் அதற்கான தீனியும் சேர்ந்து விழுகின்றன.

அடுத்து வரும் கூட்டுப்புழுதான் மக்களை ஏமாற்றுகிறது. பிசுபிசுப்பான கூட்டின் மேல் தூசும் மணலும் ஒட்டிக்கொள்ள, எந்த மருந்தும் எளிதில் உள்ளே இறங்காத பாதுகாப்பில் அது மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் வெப்பம், மூச்சுக்காற்று ஆகியவற்றை உணர்ந்ததும் நொடிகளில் வெளியே பாயும். விடுமுறைக்குப் போய்விட்டுத் திரும்பி, பூட்டிய வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் பத்துப் பதினைந்து தெள்ளுகள் ஏறுவது இதனால்தான். "நாயே வீட்டில் இல்லையே, எங்கிருந்து வந்தன?" என்று கேட்பவர்களுக்கு, நாயிடமிருந்து அல்ல, தரையிலிருந்துதான் வந்தன என்ற பதிலை எத்தனை முறை சொன்னாலும் போதுவதில்லை. மருந்து வைத்த பத்தாம் நாளே புதுத் தெள்ளைக் கண்டுவிட்டு, "நீங்கள் கொடுத்தது போலி மருந்து" என்று என்னிடம் சண்டைக்கு வருவோரும் உண்டு. அவர்கள் காண்பது சாகாத பழைய தெள்ளு அல்ல, நேற்றுக் கூட்டை விட்டு வந்த புதியது. அதுவும் நாயின் மேல் ஏறிச் சாகத்தான் போகிறது. தரையில் உள்ள கையிருப்பு தீர்வதற்கு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும், சொறியாதவற்றுக்கும் சேர்த்து, ஒரே சமயத்தில் மருந்து தொடர வேண்டும். இரண்டாம் மாதத்தில் நிறுத்துபவர்கள் முதல் மாதத்துக்கே திரும்பி வருகிறார்கள்.

உண்ணியின் கதை வேறு மாதிரி. அது பறப்பதில்லை, குதிப்பதில்லை, மரத்திலிருந்து தலையில் விழுவதும் இல்லை. புல்நுனியிலோ செடியின் ஓரத்திலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கால்களில் உள்ள உணர்வுறுப்பு, நெருங்கி வரும் உயிரின் மூச்சையும் வெப்பத்தையும் அறிந்துகொள்ளும். உரசிச் செல்பவர் மேல் அது பற்றிக்கொண்டு மேல்நோக்கி ஊர்ந்து போகும். தலைமுடிக்குள் உண்ணியைக் கண்டவர்கள் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே உள்ள புல்லை. நாய்களில் நாம் காணும் பெரும்பாலான வகைகள் பொரித்த குஞ்சாக ஒருமுறை, இளம் உண்ணியாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என மூன்று முறை விலங்குகளின் மேல் ஏறி இரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் தரைக்கு இறங்கிவிடும். குஞ்சுப் பருவத்தில் எலியும் அணிலுமே போதும். கடைசியாக வயிறு புடைத்த பெண் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டுவிட்டுச் செத்துப்போகும். அன்றிரவு வந்த நாயின் விரலிடுக்கில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்த அந்த மூன்று உண்ணிகளும் இன்னும் ஓரிரு நாளில் அதற்குத்தான் இறங்கியிருக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

தும்பு எங்கே இருக்கிறது என்றால், காடு முடிந்து உங்கள் இடம் தொடங்கும் அந்த விளிம்பில். வெயில் படும் நடுமுற்றத்தில் காட்டு உண்ணியால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது, உடல் வறண்டுவிடும். ஈரம் தேடிச் சருகுக்கடியில் அது திரும்பத் திரும்ப இறங்கியாக வேண்டும். எனவே வேலியோரச் சருகைக் கூட்டி அகற்றுங்கள். அதைக் காட்டுப் பக்கமே தள்ளிவிட்டு மூன்றாம் நாள் காற்றில் திரும்பி வர விடாதீர்கள். புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் வளர விடாதீர்கள். தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுங்கள். காட்டின் விளிம்புக்கும் புல்தரைக்கும் இடையில் சுமார் 1 மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல்லோ மரச்சில்லோ பரப்பிவிட்டால், அந்த வறண்ட பட்டையைக் கடப்பது உண்ணிக்குக் கடினம். அதைவிட முக்கியமாக, எங்கே நிற்கக்கூடாது என்பது குழந்தைகளுக்கும் கண்ணால் தெரியும். ஊஞ்சல், நாற்காலி, நாய்க்கூண்டு ஆகியவற்றை விளிம்பிலிருந்து வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். நிழல் நல்லது என்று நாய்க்கூண்டை வேலியோரப் புதருக்கடியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகையே வந்துவிடும். உண்ணிக்கும் தெள்ளுக்கும் அதைவிட வசதியான விடுதி கிடையாது.

விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். எலி குடிபுகும், எலியோடு உண்ணியும் தெள்ளும் வரும். சிந்திய தானியத்தையும் எஞ்சிய நாய்த்தீனியையும் இரவில் வெளியே விடாதீர்கள். மான் வந்து நிற்பது அழகுதான், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குத் தீனி வைத்து முற்றத்துக்கு வரவழைக்காதீர்கள். பூச்சிமருந்து தெளித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முறையாகப் பயின்றவரைக் கொண்டு விளிம்பிலும் நிழலிடங்களிலும் மட்டும், அந்தப் பயன்பாட்டுக்கென்று சிட்டையில் குறிப்பிட்ட மருந்தைத் தெளியுங்கள். இவற்றில் பல மருந்துகள் தேனீக்கும் மீனுக்கும் நஞ்சு. பூக்கும் செடியும் குளமும் ஓடையும் இருக்கும் பக்கம் கூடவே கூடாது.

ஒரு வகை மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. பழுப்பு நாயுண்ணி வறட்சியைத் தாங்கும், வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும், சுவரேறி விரிசலிலும் கதவுச் சட்டத்தின் பின்னும் முட்டையிடும். விரிசல்களைப் பூசி அடைப்பதே அதற்குப் பாதி வைத்தியம். மற்றபடி வீட்டுக்குள் செய்ய வேண்டியது எளிது, அலுப்பானது: நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள், வாக்யூம் கிளீனரை அறைமூலை, மெத்தையின் தையலோரம், சோபாவின் அடி எனப் பொறுமையாக ஓட்டுங்கள், அந்த அதிர்வே கூட்டுக்குள் இருப்பவற்றை வெளியே இழுக்கும், சேர்ந்த தூசை அன்றே கட்டி வெளியே எறியுங்கள்.

இனி மருந்து. கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மாத்திரை, பட்டை என எல்லாமே எடைக்கும் இனத்துக்கும் ஏற்ப அளந்தவை. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தில் "கொஞ்சம்தானே" என்று பூனைக்கு ஒரு துளி விடுபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. வலிப்பு வந்து துடித்துச் சாகும். மருந்து விட்ட நாயோடு உரசிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு. வலிப்பு நோயுள்ள நாய்க்குப் புதுவகை மாத்திரைகளைக் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் சேர்ந்த அந்தக் குடும்பத்தைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டே எச்சரித்திருக்கிறது. பெரும்பாலான நாய்களுக்கு அவை பாதுகாப்பானவை, நானே நாள்தோறும் எழுதித் தருபவை. மனித காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டும் கழுத்துப் பட்டை தெள்ளிடம் பலிக்காது. தெள்ளை விரட்டும் என்று நம்பித் தீனியில் கலக்கும் பூண்டு அதிகமானால் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும்.

ஒட்டிய உண்ணியை எடுப்பதிலும் வீர சாகசங்கள் வேண்டாம். மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ், தீக்குச்சி எதுவும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி தன் உமிழ்நீரையும் வயிற்றில் உள்ளதையும் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உடலை நசுக்காமல், தலைப்பக்கம் பிடித்து, நிதானமாக நேராக மேலே இழுங்கள். வாய்ப்பகுதி சிறிது முறிந்து உள்ளே நின்றால் ஊசியால் தோண்டாதீர்கள். தோலே அதை வெளியே தள்ளிவிடும். இடத்தையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். உண்ணியை நகத்தால் நசுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த நகத்தில் என்ன ஒட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார்கள்; நகத்தால் நசுக்குபவர்களிடம் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நாய்க்கு எர்லிக்கியா, பபீசியா என்று வரும் உண்ணிக் காய்ச்சல்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். சோர்வு, பசியின்மை, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம் என்றால் காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். மனிதருக்கும் இது விளையாட்டல்ல. 1957ஆம் ஆண்டு கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் முதலில் குரங்குகள் மடிந்தன, பிறகு காட்டோர மக்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அதைக் கொண்டுவந்தது உண்ணி. செத்த குரங்கின் உடலைவிட்டு இறங்கும் உண்ணிகள் அந்த இடத்தைச் சுற்றியே காத்திருக்கும் என்பதால், காட்டோரத்தில் அப்படி ஒன்றைக் கண்டால் அருகே போகாமல் வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ சொல்லுங்கள்.

காட்டுப் பக்கம் போய்வந்த அன்றே, நாயின் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், விரலிடுக்கில், வாலடியில் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். பிறகு உங்கள் அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடி. போட்டிருந்த உடையைத் துவைக்கும் முன் உலர்த்தும் இயந்திரத்தில் உச்ச சூட்டில் 10 நிமிடம் போட்டால் ஒளிந்திருக்கும் உண்ணி வறண்டு சாகும். தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் துவைத்தபின்னும் பிழைத்திருக்கும். எடுத்த உண்ணியை ஒரு சிறு குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, மேலே தேதியை எழுதி வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தலைவலியோ தோலில் தடிப்போ வந்தால், அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், வீடு காட்டோரத்தில் இருக்கிறது என்பதையும் உண்ணி கடித்த நாளையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.